ஒரு லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் உரையோடு சேர்க்கப்பட்டுள்ளன.)

செயலாளர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். புரொஜெக்டர் மக்கர் செய்வதால் படம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். நடுவில் கேள்வி கேட்கலாம், தவறில்லை.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் அலுவலக அறை லேப்டாப். 2016-ல் வாங்கியது. மெயின்டனன்ஸ் வசூல், தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. தனியாகப் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு அறிவித்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11 நம் லேப்டாப்பில் முறைப்படி ஏறாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நம்முடையது 6-ஆம் தலைமுறை.

கமிட்டியில் இரண்டு கட்சி. புதிது வாங்கிவிடலாம் என்றது ஒன்று. மொத்தமாக லினக்ஸ் போட்டுவிடலாம், இலவசம்தானே என்றது இன்னொன்று. அந்த இரண்டாவது கட்சியில் நானும் இருந்தேன். பொருளாளர்தான் ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்தார்: "ஒன்பது வருடக் கணக்கு இருக்கிற சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமா சார்?" ஓடாது. அது விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஆனால் அது ஓட இன்டர்நெட் வேண்டியதில்லை. அங்கேதான் வழி கிடைத்தது. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், கணக்குக்கு மட்டும், நெட் இணைப்பு இல்லாமல். மின்னஞ்சல், மின்வாரியப் பில், வங்கி, வாட்ஸாப் வெப் எல்லாம் லினக்ஸில். ஒரே லேப்டாப், இரண்டு குடித்தனம்.

இரண்டும் ஒரே சமயத்தில் ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமிட்டியிலேயே பாதிப்பேர் அப்படி நினைத்திருந்தார்கள். பவர் பட்டனை அழுத்தியதும் ஒரு பட்டியல் வரும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது எழும், மற்றது டிஸ்க்கில் தன் இடத்தில் சும்மா கிடக்கும். மாற வேண்டும் என்றால் ரீஸ்டார்ட்தான். எழுந்திருப்பவருக்கு ராம், பிராசசர் முழுவதும் சொந்தம். பழைய கணினிக்கு அது பெரிய விஷயம்.

இது புதுமையும் இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அவற்றில் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. நம் பிள்ளைகளில் சிலர் பட்டியலில் இரண்டாவது பெயர் என்ன என்று தெரியாமலே படித்து முடித்துவிட்டார்கள்.

செய்முறைக்குப் போகும் முன் என் சொந்தக் கதை ஒன்று. 2012-ல் வீட்டு டெஸ்க்டாப்பில் முதல் முறையாக இதைச் செய்தேன். லினக்ஸ் இன்ஸ்டாலர் ஓர் இடத்தில் இரண்டு வழி காட்டும். ஒன்று, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு. மற்றொன்று, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு. என் திரையில் அன்றைக்கு முதல் வழி வரவே இல்லை. இரவு பதினொன்றரை மணி. 'டிஸ்க்' என்று அது சொல்வது நான் ஏற்கெனவே ஒதுக்கி வைத்த காலி இடத்தை என்று நினைத்து ஓகே கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் புத்தம் புதிய லினக்ஸ் எழுந்தது. விண்டோஸ் இல்லை. அதிலிருந்த மாமனாரின் சதாபிஷேகப் படங்களும் இல்லை. கேமரா கார்டை ஒரு வாரம் முன்புதான் காலி செய்திருந்தேன். மீட்டெடுக்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டேன். வந்த படங்களில் பல பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். சொந்தக்காரர்கள் போனிலிருந்து 14 படம் சேர்ந்தது. அடுத்த வருடம் மாமனார் தவறிவிட்டார். என் மனைவி இது பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே நம் லேப்டாப்பில் நான் செய்த முதல் வேலை லினக்ஸ் அல்ல. கணக்குக் கோப்புகளை, ஸ்கேன் செய்த ஆவணங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தோம். எடுத்ததோடு விடவில்லை. பொருளாளர் அந்தப் பென் டிரைவைத் தன் வீட்டுக் கணினியில் போட்டு, கணக்கைத் திறந்து, போன மாத இறுதி இருப்பை ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். ரூபாய் பைசா சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் நான் லேப்டாப்பில் கை வைத்தேன். வேறொரு கணினியில் திறந்து பார்க்காத பிரதியை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை.

உங்களில் கடந்த சில வருடங்களில் லேப்டாப் வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, இது பேக்கப்புக்குச் சமமானது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று பெயர். தினமும் தானே திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. துவக்க அமைப்புகளில் கை வைத்த உடனே அது சந்தேகப்பட்டு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, விற்ற கடைக்காரராலும் முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கே போய்ப் பார்த்து, காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். லினக்ஸ் போடாதவர்களும்தான்.

"முதலில் விண்டோஸ், பிறகுதான் லினக்ஸ் என்கிறார்களே, ஏன்?" என்று ஏ பிளாக் சார் கேட்கிறார். நல்ல கேள்வி.

பழைய பயாஸ் கணினிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்தான் வாசல். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு; ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கே நான்கு. மீதி 2 பைட் அடையாளக் குறி. அந்த 446 பைட்டில் ஒருவருடைய பெயர்ப்பலகை மாட்டத்தான் இடம். பின்னால் வருகிறவர் முன்னவர் பலகையைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டுவார். லினக்ஸின் துவக்கி, க்ரப் என்பது, கொஞ்சம் நாகரிகம் உள்ளது. பலகையை மாற்றும்போது விண்டோஸின் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் அப்படிச் செய்யாது. அதனால் விண்டோஸை இரண்டாவதாகப் போட்டால் லினக்ஸ் அழிந்துபோனது போலத் தெரியும். உண்மையில் உள்ளேதான் இருக்கும், வாசலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

விண்டோஸ் 8 வந்த 2012-ஐ ஒட்டிய காலத்திலிருந்து பெரும்பாலான கணினிகளில் யூ.இ.எஃப்.ஐ. முறை வந்துவிட்டது. இது நம் லாபியில் உள்ள பெயர்ப்பலகை மாதிரி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. டிஸ்க்கில் ஒரு சிறு பொதுப் பகுதி, விண்டோஸ் அமைத்தால் பெரும்பாலும் 100 எம்.பி. அதற்குள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு தனி ஃபோல்டர். யார் முதலில் எழவேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். ஒருவர் மற்றவரின் பலகையைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் சில சமயம் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் தன் பெயரை வரிசையில் முதலில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அப்போது பட்டியல் வராது, நேராக விண்டோஸ் எழும். பதற வேண்டாம். அமைப்புத் திரைக்குப் போய் வரிசையை மாற்றினால் போதும்.

ஒன்று மட்டும் கவனம்: இரண்டையும் ஒரே முறையில் போட வேண்டும். விண்டோஸ் யூ.இ.எஃப்.ஐ. முறையில் இருக்க, பென் டிரைவைப் பழைய முறையில் துவக்கி லினக்ஸ் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று பட்டியலில் காட்டாது.

நாம் போட்டது லினக்ஸ் மின்ட் 22. இதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தபட்சம் 2 ஜி.பி. ராம், 20 ஜி.பி. இடம் கேட்கிறது, வசதியாக இருக்க 4 ஜி.பி., 100 ஜி.பி. நம் லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம். முதலில் பென் டிரைவிலிருந்தே, டிஸ்க்கைத் தொடாமல், ஓட்டிப் பார்த்தோம். யாராக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பார்க்கலாம். நம் பிரிண்டர் உடனே பேசியது. விரல்ரேகைப் பட்டன் கடைசிவரை பேசவில்லை, அதை யாரும் பயன்படுத்தியதும் இல்லை. சில லேப்டாப்களில் லினக்ஸுக்கு டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. ரெய்டு என்று தொழிற்சாலையிலேயே அமைத்து அனுப்பியிருப்பார்கள். அதை ஏ.ஹெச்.சி.ஐ. என்று அவசரப்பட்டு மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகும். அப்படி இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸுக்குள் இருந்தபடியே செய்வது நல்லது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம். வீட்டுக்காரர் தானே ஓர் அறையைக் காலி செய்து கொடுப்பது போல. 500 ஜி.பி. டிஸ்க்கில் 100 ஜி.பி. எடுத்தோம். 500 என்று எழுதியிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பொருளாளர் கிளம்பப் பார்த்தார். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. டிஸ்க் அதே டிஸ்க்தான்.

அதன் பிறகு இன்ஸ்டாலரில் அந்த இரண்டு வழி காட்டும் திரை வந்தது. 'பக்கத்தில் போடு' என்பது இருந்தது. இருந்தும் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொருளாளரை அழைத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அழுத்தினேன்.

போட்ட மறுநாளிலிருந்து வந்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் ஈ பிளாக்கிலிருந்து ஒரு புகார். மெயின்டனன்ஸ் ரசீதில் விடியற்காலை 4.30 என்று நேரம் போட்டிருக்கிறது, அந்த நேரத்தில் ஆபீஸைத் திறந்தது யார் என்று. யாரும் திறக்கவில்லை, பணம் கட்டியது காலை 10 மணிக்கு. கணினிக்குள் ஒரு சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். லினக்ஸ் திருத்திவிட்டுப் போன கடிகாரத்தை விண்டோஸ் படித்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். நெட் இருந்தால் விண்டோஸ் கொஞ்ச நேரத்தில் தானே சரிசெய்துகொள்ளலாம். நம் விண்டோஸுக்குத்தான் நெட்டை வெட்டிவிட்டோமே. லினக்ஸையும் ஊர் நேரத்தையே வைக்கச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. கொடுத்தோம், தீர்ந்தது. புகார் கொடுத்த மேடத்துக்கு நன்றி, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது தொல்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்பைப் படிக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுவதற்காகத் தன் நினைவில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவிட்டு அரைத் தூக்கத்தில் போகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது போல. அந்த நேரத்தில் இன்னொருவர் உள்ளே புகுந்து பொருளை இடம் மாற்றினால் விபரீதம் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுப்பது நம் நல்லதுக்கு. பவர் ஆப்ஷனில் அந்த வசதியை அணைத்துவிட்டோம்.

மூன்றாவது, நமக்கு நேரவில்லை, ஆனால் நெட் உள்ள விண்டோஸ் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், பலருடைய லினக்ஸை எழவிடாமல் நிறுத்தியது. தரவு எதுவும் அழியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துச் சரிசெய்தார்கள். லினக்ஸ் போட்ட பென் டிரைவை அழித்து சினிமா ஏற்றாமல் டிராயரில் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எது எழாவிட்டாலும் அதிலிருந்து நுழையலாம்.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். லினக்ஸை எழுப்பி, விண்டோஸ் பகுதியைக் கிளிக் செய்தேன். கணக்கு, உறுப்பினர் தொலைபேசிப் பட்டியல், வாடகை ஒப்பந்த ஸ்கேன் எல்லாம் திறந்தது. விண்டோஸ் பாஸ்வேர்டை யாரும் கேட்கவில்லை. பொருளாளர் முகம் மாறிவிட்டது. ஒன்பது வருடமாக அந்தப் பாஸ்வேர்டு தன்னையும் செயலாளரையும் தவிர யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தவர். பூட்டப்படாத டிஸ்க்கில் விண்டோஸ் பாஸ்வேர்டு விண்டோஸின் வாசலுக்கு மட்டும்தான் காவல். பென் டிரைவோடு வரும் யாரும் பக்கவாட்டில் நுழையலாம். லினக்ஸ் போட்டதால் வந்த ஓட்டை இல்லை இது, ஒன்பது வருடமாகவே இருந்தது. நாம் பழுது பார்க்கக் கொடுத்த போதெல்லாம் இருந்தது. இப்போது உறுப்பினர் ஆவணங்களைப் பாஸ்வேர்டு போட்ட ஒரு மறையாக்கப் பெட்டிக்குள் மாற்றிவிட்டோம், லேப்டாப் அலமாரியில் பூட்டி வைக்கப்படுகிறது.

அதே காரணத்தால்தான், விண்டோஸுக்கு நெட் இல்லை என்பதால் அது முழுப் பத்திரம் என்றும் நினைக்கக் கூடாது. லினக்ஸில் தப்பான ஒன்றை ஓட்டினால் அதன் கையும் விண்டோஸ் பகுதிவரை எட்டலாம். மாதாந்திர பேக்கப் நிற்காது.

"ஆப்பிளில் செய்யலாமா?" இன்டெல் பிராசசர் உள்ள மேக்கில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் போடலாம், 2006-லிருந்து உண்டு. 2020 இறுதியில் வரத் தொடங்கிய ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் அந்த வசதி இல்லை.

"ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டலாமாமே?" என்று கல்லூரித் தம்பி கேட்கிறார். ஓட்டலாம், வர்ச்சுவல் மெஷின். ரீஸ்டார்ட் வேண்டாம், டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் ஒரு கோப்பை அழித்தால் போயிற்று. 16 ஜி.பி. ராம் இருந்தால் உனக்கு அதுதான் சரி தம்பி. நம் அலுவலக லேப்டாப் ஒருவரைச் சுமப்பதே அதிகம்.

"வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது?" விண்டோஸிலிருந்து லினக்ஸ் பகுதியை நேராக டெலீட் செய்யாதீர்கள். பட்டியல் காட்டும் க்ரப்பின் கோப்புகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில் இருக்கும். அடுத்த முறை கருப்புத் திரையில் ஒரு கட்டளை வரி மட்டும் கண் சிமிட்டும். முதலில் துவக்க வரிசையில் விண்டோஸை முன்னால் வைத்து, அது தனியாக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டெலீட்.

தமிழில் தட்டச்சு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மின்ட்டில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் காலாண்டுச் சுற்றறிக்கை அதில் அடித்ததுதான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய தீர்மானங்கள் மட்டும், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்கும் நகலெடுத்த பிறகுதான் படிக்க முடிந்தது.

என்னைக் கேட்டால், விண்டோஸ் 11 ஒழுங்காக ஓடும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதில் இறங்க அவசியம் இல்லை. டெஸ்க்டாப்பில் இரண்டாவது எஸ்.எஸ்.டி. பொருத்த இடம் இருந்தால், ஒரே டிஸ்க்கைப் பிரிக்காமல் ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்துவிடுங்கள், பாதித் தலைவலி குறையும். பழைய லேப்டாப், நல்ல நிலையில் உள்ளது, விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு வேலையும் விடாமல் பிடித்திருக்கிறது என்பவர்களுக்குத்தான் இது.

அப்படிப்பட்டவர்கள் வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லேப்டாப்போடு இதே ஹாலுக்கு வாருங்கள். சார்ஜரும், 8 ஜி.பி. பென் டிரைவும் வேண்டும். கூடவே பேக்கப் எடுத்த வெளி ஹார்டு டிஸ்க். அதிலிருந்து உங்கள் வீட்டு விசேஷப் படம் ஒன்றை என் கணினியில் திறந்து காட்ட வேண்டும். காட்டினால்தான் உங்கள் லேப்டாப்பைத் தொடுவேன்.